அழிப்பான் எதற்கு? (வாசகர் கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் செந்தூலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாணவர்களுக்காகக் கணினியில் ஒரு சொல் விளையாட்டை உருவாக்கி வருகிறேன். அதில் தே தாரிக் (இரு குவளைகளுக்கிடையே இழுத்து ஆற்றும் தேநீர்) இழுக்கும் கடைக்காரர் ஒருவர் வருகிறார். 32 கட்டம் (பிக்சல்) அகலம், 32 கட்டம் உயரம், அவர் அசைவதற்கு நான்கு சட்டகங்கள் (அடுத்தடுத்துக் காட்டும் படங்கள்). வரையும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் (கொடுத்த கருவிகளைத் தானே இயக்கி வேலை செய்யும் மென்பொருள்) ஒப்படைத்திருக்கிறேன். அதற்குக் கொடுத்த கருவிகளில் தூரிகை, கோடு, நிரப்பி ஆகியவற்றோடு அழிப்பானும் தனியாக இருக்கிறது. ஒளிபுகும் நிறத்தால் தீட்டினாலே அழித்ததாகாதா? கருவிகள் குறைந்தால் முகவரின் குழப்பமும் குறையும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அழிப்பானை நீக்கிவிடலாமா?

ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். கருவிகள் குறைவாக இருப்பது நல்லது என்று நான் எழுதியது உண்மைதான். இன்றும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் பட்டியலைக் குறைக்க உட்கார்ந்தால் அழிப்பானைக் கடைசியாகத்தான் தொடுவேன்.

நீங்கள் சொல்லும் ஒளிபுகும் நிறம் பல இடங்களில் ஒன்றுமே செய்யாது. ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கும்போது நிறங்கள் எப்படிக் கலக்க வேண்டும் என்ற கணக்கை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் வகுத்தார்கள். பெரும்பாலான வரைகலை மென்பொருள்கள் இன்றும் அந்த வழியில்தான் தீட்டுகின்றன. அதன்படி, மேலே வைக்கும் நிறத்தின் ஆல்ஃபா மதிப்பு, அதாவது அது எவ்வளவு மறைக்கும் என்ற அளவு, 0 என்றால் கீழே இருப்பது அப்படியே நிற்கும். இணைய உலாவியின் கேன்வாஸ் என்ற வரைபரப்பில் ஒளிபுகும் நிறத்தால் ஒரு செவ்வகத்தை நிரப்பிப் பாருங்கள், எதுவும் மாறாது. துடைப்பதற்கென்றே அங்கே கிளியர்ரெக்ட் என்ற தனிக் கட்டளை உண்டு. மனிதருக்கு இது உடனே கண்ணில் படும். முகவருக்கோ கட்டளை பிழையின்றி ஓடியது என்ற செய்தி மட்டும் வரும், அதுவும் அழிந்துவிட்டதாக நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும்.

அழிப்பான் இல்லாத முகவர் வேறொரு குறுக்குவழியும் பிடிக்கும். தண்ணீர்மலை அடிவாரத்தில் நிற்பதாக ஒரு மயிலை நான் வரைந்து, கழுத்தருகே சிதறிக் கிடந்த மூன்று பச்சைக் கட்டங்களை நீக்குமாறு முகவரிடம் சொன்னேன். பின்னணி வெள்ளை என்று அதுவாகவே எண்ணிக்கொண்டு, மூன்றையும் வெள்ளையால் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்றது. வெள்ளைத் திரையில் எனக்கும் குறை தெரியவில்லை. மயிலை மாலை வானத்தின் முன் வைத்த பிறகுதான் கழுத்தோரம் மூன்று வெள்ளைப் பொட்டுகள் பல்லிளித்தன. சுவர்க்கறையின் மேல் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

நிற அட்டவணை முறையில், அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறத்துக்குப் பதில் அட்டவணையில் அதன் எண்ணைக் குறிக்கும் முறையில், வரைந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அஸெப்ரைட் போன்ற மென்பொருளில் வழக்கமாக அட்டவணையின் 0 ஆம் எண் வெறுமைக்கு உரியது. அந்த எண்ணில் கறுப்பை வைத்துவிட்டு எல்லைக்கோடு போட்டால் கோடே காணாமல் போகும். எந்த எண் வெறுமை என்பதை அழிப்பானே அறிந்திருந்தால் முகவர் அதை நினைவில் சுமக்க வேண்டியதில்லை. அழிப்பான் ஓரங்களை மென்மையாக்கக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிக்சல் ஓவியத்தில் பாதி அழிந்த கட்டம் அழுக்காகவே தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அழிப்பான் முகவருக்குத் திருப்பிச் சொல்லும் பதில். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் ரப்பரால் அழிப்பதை நினைத்துப் பாருங்கள். தேய்க்கிறார்கள், தூளை ஊதுகிறார்கள், உற்றுப் பார்க்கிறார்கள், மிச்சமிருந்தால் மறுபடியும் தேய்க்கிறார்கள். முகவருக்கு அந்த இடைப்பார்வை கிடையாது. அது எண்களை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது, படத்தையே திருப்பிக் காட்டினாலும் ஒரு கட்டம் கூடியதையும் குறைந்ததையும் பல நேரம் தவறவிடுகிறது. ஆகவே எத்தனை கட்டங்களை அழிக்கக் கேட்டது, அவற்றுள் எத்தனை ஏற்கெனவே காலியாக இருந்தன, அழிந்தவற்றில் என்னென்ன நிறங்கள் இருந்தன என்பதை அழிப்பான் சொல்லியாக வேண்டும். ஐந்து கட்டம் கேட்டு ஐந்தும் காலி என்று பதில் வந்தால், இடம் தவறிவிட்டது என்று முகவருக்கே விளங்கும். பழைய நிறங்கள் கையில் இருந்தால், தவறி அழித்ததை மீட்டு வைக்கவும் முடியும்.

உங்கள் கடைக்காரரையே எடுத்துக்கொள்வோம். மேல் குவளையிலிருந்து கீழ்க் குவளைக்கு இறங்கும் தேநீர் ஒரே ஒரு கட்டம் அகலமுள்ள கோடு; 9 ஆம் வரிசையில் தொடங்கி 20 ஆம் வரிசையில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 12 கட்டங்கள். "9 முதல் 20 வரை அழி" என்றால் 20 சேருமா? கடை வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கும் என்று எழுதியிருந்தால் வெள்ளியும் சேரும் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். பைத்தான் என்ற நிரல்மொழியில் எண்வரிசை தரும் ரேஞ்ச் கட்டளையோ கடைசி எண்ணைச் சேர்க்காது. அப்படிச் சேர்க்காத கருவி என்றால் குவளையின் வாயருகே ஒரு சொட்டுத் தேநீர் அந்தரத்தில் தொங்கும். சேர்க்கும் கருவியிடம், சேர்க்காது என்று நினைத்து முகவர் 21 என்று கொடுத்தால் குவளையின் விளிம்பில் ஒரு பல் உடையும். "9 இலிருந்து 12 கட்டம்" என்று தொடக்கத்தையும் அளவையும் கேட்கும் அழிப்பானில் இந்தத் தகராறு எழாது. கருவியைப் பற்றி முகவர் அறிவதெல்லாம் அதன் பெயரும் விளக்கக் குறிப்பும்தான் என்பதால், குறிப்பிலும் இதை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிடுங்கள்.

எந்த அடுக்கு (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் படத்தாள்களில் எது), எந்தச் சட்டகம் என்பதையும் அழிப்பான் கட்டாயமாகக் கேட்கட்டும். மேலடுக்கில் அழித்தும் கீழடுக்கின் நிறம் தெரிவதைப் பார்த்து, அழியவில்லை என்று எண்ணித் திரும்பத் திரும்ப அழிக்கும் முகவரை நான் பார்த்திருக்கிறேன்.

நான்கு சட்டகங்களுக்கும் என் யோசனை இது. தேநீருக்கு மட்டும் தனி அடுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சட்டகத்தின் நகலை எடுத்து, அந்த அடுக்கில் மட்டும் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிய கோட்டைப் போடச் சொல்லுங்கள். 12 கட்டங்கள் அழிந்தன, அனைத்தும் பழுப்பு என்று பதில் வந்தால் அடுத்த சட்டகத்துக்குப் போகலாம். 11 என்று வந்தால் படத்தைப் பெரிதாக்கி, கீழ்க் குவளையின் வாயை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு