மாமியார் பக்கம்தான் நான்

கேள்வி: பையன் உயரமாக வளர வேண்டும் என்று தினமும் இரண்டு வேளை ஹெல்த் டிரிங்க் கலந்து கொடுக்கிறேன். கேழ்வரகுக் கூழே போதும் என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திருச்சி.

பதில்: மாமியார்தான். ஜோக் எழுத வேறு ஆள் கிடைக்காமல் மாமியார்களையே வைத்துப் பக்கத்தை நிரப்பும் பத்திரிகைகள் மேல் எனக்கு நெடுநாள் கோபம். எதைக் கொடுத்தால் பிள்ளைக்கு மந்தம் தட்டும், எது செரிக்கும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள் அவர்கள். அந்த அனுபவத்தை ஒரு முப்பது விநாடி டிவி விளம்பரம் தள்ளிவிடுகிறது என்றால் கோபம் வராதா?

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. போர்ன்விட்டா போன்றவற்றை அந்தத் தலைப்பில் போட்டு விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. அதே மாதம் ஹார்லிக்ஸும் தன் வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. 1930-களில் இங்கிலாந்தில் இதே ஹார்லிக்ஸ் 'இரவுப் பட்டினி' என்று ஒரு கோளாறையே கிளப்பிவிட்டது. தூங்கும்போது உடம்பு பட்டினி கிடக்கிறதாம், காலையில் அசதி அதனால்தானாம், படுக்கும் முன் ஒரு கப் குடித்தால் சரியாகிவிடுமாம். இல்லாத நோயைச் சொல்லிப் பயமுறுத்தி விற்பதை நான் வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. பல ராகி பிஸ்கட்டுகளில் மைதாவும் சர்க்கரையும் முன்னால் நிற்கும், ராகி எங்கோ பின்னால் வரும். எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, செடியிலிருந்து எடுக்கும் எந்த எண்ணெயிலும் அது சொல்லும்படி இருக்காது. பாமாயிலிலும்தான்.

மாமியாரிடமும் ஒரு வார்த்தை: கூழில் நாட்டுச் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டாம். அதுவும் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிகள் அதை நம்பிக் கெடுவதைப் பார்த்துச் சொல்கிறேன்.

உயரம் பெரும்பாலும் பெற்றோர் வழி வருவது. முட்டை, பருப்பு, பால், நல்ல தூக்கம் இருந்தால் போதும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, ஆனால் முழுவதும் உடம்பில் சேராது. மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் கூடுதலாகச் சேரும். உங்கள் மாமியாருக்கு அந்தப் பக்குவம் தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.