மனைப்பிரிவுச் சாலையை ஊராட்சி போடுமா?

கேள்வி: நாங்கள் 2011-இல் வாங்கிய மனைக்கு முன்னால் இன்றும் மண்பாதைதான். மழை பெய்தால் பள்ளி வேன் உள்ளே வருவதில்லை. ஊராட்சியில் கேட்டால், "அது எங்கள் சாலை அல்ல" என்கிறார்கள். அப்படிச் சொல்லலாமா?

பதில்: தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 110-இன்படி, நெடுஞ்சாலைகள், மாவட்ட முக்கியச் சாலைகள், ஒன்றியச் சாலைகள் நீங்கலாக, கிராமத்தின் பொதுச் சாலைகளை அமைப்பதும் பராமரிப்பதும் கிராம ஊராட்சியின் கடமை. ஆனால் மனைப்பிரிவுப் பாதை, அதைப் பிரித்து விற்றவர் ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்து ஒப்படைக்கும்வரை, பெரும்பாலும் பட்டாவில் அவருடைய நிலமாகவே நிற்கும். அதில் பொதுப்பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்று ஊராட்சி தயங்குவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் கிரயப் பத்திரத்தில் "தெற்கே 23 அடி பொதுப்பாதை" என்று எல்லை குறித்திருப்பது உங்களுக்கு நடக்கும் உரிமையைத் தருமே தவிர, நிலத்தை ஊராட்சிக்கு மாற்றிவிடாது. (விற்பவர்கள் இதை விளக்கிச் சொல்வது அபூர்வம்.)

எனவே முதலில் பாதையின் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால், அதன் நகலுடன் கிராம சபையில் தீர்மானம் கோரலாம். பிறகு ஊராட்சி தட்டிக்கழிக்க முடியாது. பதிவாகவில்லையென்றால், விற்றவரோ அவருடைய வாரிசுகளோ இப்போதும் எழுதிக் கொடுக்கலாம். மனைப்பிரிவே அங்கீகாரம் பெறாததாக இருந்தால், 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின்கீழ் அது வரன்முறை செய்யப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள்.