வண்டி கடையாக...

கேள்வி: எங்கள் தெருவில் பீகார் தம்பி ஒருவர் பல வருடமாகப் பானிபூரி வண்டி போடுகிறார். நல்ல கூட்டம். இன்னும் ஏன் கடை வைக்க முடியவில்லை?
- வாசகி, ஒசூர்

பதில்: கையில் காகிதம் இல்லை, அதுதான் காரணம். வீட்டுக்காரர் வாடகை வாங்குவார், ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார். உள்ளூர் முகவரி இல்லாமல் வங்கியில் பேச்சு எடுபடாது. அப்புறம் தண்டல்தான்: பத்தாயிரம் என்று சொல்லி ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். இரவு வண்டியை மூடுவதற்குள் ஆள் வந்து நிற்பார். முதல் எங்கே சேரும்? எனக்கு மனசு ஆறவில்லை. பெங்களூரு போன நம் பிள்ளைகளுக்கும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்தானே!

சிறுதொழிலுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதார், பான் வேண்டும். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கடன் உண்டு. முதலில் அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே பேசிப் பாருங்கள், அம்மா.