பரணில் கிடந்த தகரப் பெட்டி

கேள்வி: மாமனார் காலமான பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. நான்கு தலைமுறைப் பத்திரங்கள், கணக்கு நோட்டுகள், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் இருக்கின்றன. நிலமெல்லாம் எப்போதோ விற்றாகிவிட்டது. எல்லாவற்றையும் லேமினேட் செய்யலாம் என்கிறார் கணவர். போட்டோ எடுத்துவிட்டுத் தூக்கிப் போடலாம் என்கிறான் மகன். என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: சகோதரி, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். முப்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்த எனக்கே அந்தத் தப்பு நேர்ந்தது. பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் மடிப்பில் கிழிகிறதே என்று ஒரு கடையில் கொடுத்தேன். வாங்கி வந்த அன்று பளபளவென்று இருந்தது. எட்டு வருடத்தில் பழுப்பேறி, ஓர் ஓரம் விட்டு, உள்ளே ஈரம் புகுந்து பூஞ்சை பிடித்துவிட்டது. பிரிக்கப் போனால் எழுத்து பிளாஸ்டிக்கோடு வருகிறது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். பதிவான பத்திரம் தொலைந்தால்கூட, எண்ணும் வருடமும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். தாத்தாவின் கணக்கு நோட்டுக்கும் ரங்கூன் கடிதத்துக்கும் எந்த ஆபீசிலும் நகல் கிடையாது. பத்திரக்காரன் நானே சொல்கிறேன், உங்கள் பெட்டியில் முதலில் காப்பாற்ற வேண்டியவை அவைதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு, அவர் 1761ல் இறந்த பிறகு எண்பத்தைந்து வருடம் சந்ததியார் வீட்டில் கிடந்து, 1846ல்தான் வெளியே தெரிந்தது. நடுவில் யாராவது ஒருவர் ‘இது எதற்கு’ என்று அடுப்பில் போட்டிருந்தால் போயே போயிருக்கும்.

பத்திரங்களையும் சும்மா நினைக்காதீர்கள். செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள். வடக்கே இன்னார் நஞ்சை, கிழக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப் பாதை என்று அந்தக் காலத்து ஊரே அதில் இருக்கும். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். முத்திரைத்தாள் யார் பேருக்கு, எந்தத் தேதியில் வாங்கியது என்று இருக்கும். பதிவு முத்திரைக்குப் பக்கத்தில் கைநாட்டும் இருக்கலாம். எழுதத் தெரியாத ஒரு கொள்ளுப்பாட்டி இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே அடையாளம் அந்தப் பெருவிரல் ரேகையாக இருக்கும். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கை ஒரு நிமிடம் நின்றுவிடும்.

மழைக்காலம் முடிந்து காய்ந்த நாளாகப் பார்த்துப் பெட்டியைத் திறங்கள். வெயிலில் போடாதீர்கள். துருப்பிடித்த குண்டூசி, ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் மெதுவாக எடுங்கள். செல்லோ டேப் ஒட்டவே கூடாது. துவைத்துக் காயவைத்த, கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பரண் சூடு, தரை ஈரம், இரண்டும் ஆகாது. வசம்பைத் தனித் துணியில் முடிந்து, தாளில் படாமல் ஓரமாக வையுங்கள். அப்புறம் போட்டோ. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் எடுக்க வேண்டும்.

மாமியார் இருக்கிறாரா? எழுதவில்லையே. இருந்தால் இந்த வேலையெல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே கடிதங்களை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘சின்னண்ணிக்கு நமஸ்காரம்’ என்றால் யார் அந்தச் சின்னண்ணி? 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்தே ஊர் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி வந்தது யார்? மாமியார் சொல்வதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதிக் கடிதத்தோடு வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் ‘தாது௵ தை௴ ௰௨௳’ என்று இருக்கிறது. இது எந்த வருடம்?
– வாசகர், சிவகங்கை

பதில்: ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௰௨ என்பது பன்னிரண்டு. ஆக, தாது வருஷம் தை 12. சிக்கல் என்னவென்றால், அறுபது வருடத்துக்கு ஒருமுறை தாது திரும்ப வரும். 1876ல் வந்தது, தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது அதைத்தான். பிறகு 1936, 1996. தை மாதம் ஆங்கில வருடம் திரும்பிய பிறகு வருவதால் உங்கள் பத்திரம் 1877 ஜனவரி, அல்லது 1937 ஜனவரி. முத்திரையில் இருக்கும் தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் முன்னது, ராஜா என்றால் பின்னது. உள்ளே ௸ என்று வந்தால் ‘மேற்படி’ என்று படியுங்கள்.

கேள்வி: அண்ணன் தம்பி மூவர். அப்பாவின் காகிதங்களை யார் வீட்டில் வைப்பது என்று மனத்தாங்கல் வருகிறது.
– வாசகர், காரைக்குடி

பதில்: பங்கு போட்டுப் பிரிக்காதீர்கள். அசல் முழுவதும் யார் வீட்டில் ஈரமும் கரையானும் இல்லையோ அங்கே இருக்கட்டும். என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். நகல் எல்லோரிடமும் இருக்கட்டும். உங்களுக்கு அக்கா தங்கை உண்டா என்று எழுதவில்லை. பூர்விகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்த 1989க்கு முன் நான் பார்த்த பாகப்பிரிவினைகளில் பெண்கள் பெயர் வருவதே அபூர்வம். இருந்தால், அவர்களுக்கும் ஒரு படி கொடுங்கள்.