சைக்ளோட்ரானில் டீ (dee) மின்னழுத்தத்தைக் கூட்டியும் ஆற்றல் ஏன் கூடவில்லை?

சைக்ளோட்ரான் என்பது, புரோட்டான் போன்ற மின்னூட்டத் துகள்களைக் காந்தப்புலத்தில் சுழலவிட்டு முடுக்கும் கருவி; டீக்கள் அதிலுள்ள D வடிவ உள்ளீடற்ற இரு மின்முனைகள். டீ மின்னழுத்தத்தை இரட்டித்தும் கணக்கில் புரோட்டானின் ஆற்றல் மாறாமலே வருகிறதே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கு சரிதான். டீக்களுக்கு இடையிலான மின்னழுத்தத்தை 50 கிலோவோல்ட்டிலிருந்து 100 கிலோவோல்ட்டாக உயர்த்தினாலும், சைக்ளோட்ரானை விட்டு வெளியேறும் புரோட்டானின் ஆற்றல் மாறாது. அதைத் தீர்மானிப்பவை காந்தப்புலமும் டீயின் ஆரமும்தான்.

ஆற்றல் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்தபோது, சுற்றுகளின் எண்ணிக்கை மாறாது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். டீக்களுக்கு இடையிலான இடைவெளியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதல் ஆற்றல் பெறும் புரோட்டான், விளிம்பை முன்னதாகவே எட்டி வெளியேறிவிடுகிறது.

1.5 டெஸ்லா, 0.5 மீட்டர் ஆரம் என்று கொண்டு சரிபாருங்கள். ஆற்றல் சுமார் 27 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரும். சுற்றுக்கு இருமுறை இடைவெளியைக் கடப்பதால், 50 கிலோவோல்ட்டுக்குச் சுமார் 270 சுற்றுகள், 100 கிலோவோல்ட்டுக்கு 135. சைக்ளோட்ரானை உருவாக்கிய லாரன்ஸும் லிவிங்ஸ்டனும் 1931இல் வெறும் 1,800 வோல்ட்டைக் கொண்டே ஹைட்ரஜன் மூலக்கூறு அயனிகளை 80,000 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கொண்டுசென்றார்கள் என்பது இதற்கு நல்ல சான்று.

ஆனால் ஒன்று: வேகம் கூடக்கூடச் சார்பியல் விளைவால் புரோட்டான், இடைவெளியில் மாறிமாறித் திசை திரும்பும் மின்புலத்தின் அதிர்வெண்ணுக்குச் சற்றே பின்தங்கும், சுற்றுகள் மிகுந்தால் அந்தப் பின்னடைவும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே நடைமுறையில் மின்னழுத்தத்தை விருப்பம்போலக் குறைத்துவிட முடியாது. பருவத்தேர்வு விடைக்கு இது ஒரு வரி போதும்.

மதுரையில் பெட் (PET) ஸ்கேனுக்கு உடலில் ஏற்றும் கதிரியக்க மருந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றும் கேட்டிருந்தீர்கள். அதிலுள்ள ஃபுளோரின் 18, ஆக்சிஜன் 18 செறிந்த நீரைச் சைக்ளோட்ரான் புரோட்டான்களால் தாக்கி உண்டாக்கப்படுவது. அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 110 நிமிடமே என்பதால், மருந்து வரும் வண்டி இரண்டு மணி நேரம் தாமதித்தாலே கதிரியக்கம் பாதிக்கும் கீழே போய்விடும்.