நூற்றி ஒன்றாவது நாள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 43. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சித்திரையில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சுகர் சராசரி 6.3 என்று வந்தது. "மாத்திரை இப்போது வேண்டாம், நடங்கள்" என்றார் டாக்டர். தினமும் தெப்பக்குளத்தை ஐந்து சுற்று, மொத்தம் நூறு நாள் என்று எனக்கு நானே சவால் வைத்துக்கொண்டேன். காலண்டரில் டிக் அடித்து அடித்து முடித்தும்விட்டேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு மறுநாள் மட்டும் இரண்டு சுற்றுதான் முடிந்தது. சராசரி 5.9-க்கு இறங்கியிருக்கிறது. ஆனால் நூற்றி ஒன்றாவது நாள் எழுந்திருக்கவில்லை. ஷூவைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டேன். இன்றோடு பன்னிரண்டு நாள். கூட நடக்கும் பெரியவர் ஒருவர் போன் செய்தார், எடுக்கக் கூச்சமாக இருந்தது. நூறு நாள் நடந்தது மன உறுதியா, வெறும் வீம்பா?

ச., அனுப்பானடி

அன்புள்ள ச.,

"இரண்டு சுற்றுதான் முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தாய்மாமனுக்குக் கல்யாண வீட்டில் உட்கார நேரம் இருக்காது. சீர் வரிசை, பந்தி, கடைசியில் மண்டபக் கணக்கு எல்லாம் முடித்துப் படுக்கும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். அந்தக் காலோடு மறுநாள் விடியலில் குளத்துக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் நூறு நாளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த நாள்தான். நீங்களோ அதைக் குறையாக எழுதுகிறீர்கள்.

1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. ஒரு பக்கம் ஏறத்தாழ ஆயிரம் அடி. ஒரு சுற்று ஒன்றே கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். ஐந்து சுற்றுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்தால், நூறு நாளில் அறுநூறு. மதுரையிலிருந்து கிளம்பியிருந்தால் சென்னையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். வீம்பு என்றாலும் சரி, அதை மதிக்கிறேன்.

பிறகு ஏன் நின்றது? நம் ஊரில் மாலை போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மண்டலம், 48 நாள், விடியலில் பச்சைத் தண்ணீரில் குளியல், செருப்பு கிடையாது, சிகரெட் கிடையாது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய சாயங்காலமே சிலர் பெட்டிக்கடை வாசலில் நிற்பார்கள். விரதம் பொய் இல்லை. அதற்கு ஒரு முடிவு நாள் இருந்தது, அவ்வளவுதான். உங்கள் காலண்டரிலும் அப்படி ஒரு நாள் இருந்தது. நானும் முன்பு நாற்பது நாள் எண்ணி நடந்தேன், நாற்பத்தி ஒன்றாம் நாளிலிருந்து நான்கு மாதம் வீட்டை விட்டு இறங்கவில்லை. அதனால் உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது.

லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. புதிய பழக்கம் ஒன்று தானாக நடக்கும் அளவுக்குப் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுவாந்தரமாக 66 நாள். ஒருவருக்கு 18 நாளில் படியும், இன்னொருவருக்கு 254 நாள் ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்றும் தெரிந்தது. ஆகவே நூறு நாளில் உங்களுக்கு இன்னும் படியாமல் இருந்திருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இனி எண்ண வேண்டாம். அதற்குப் பதில் ஒரே ஒரு விதி: தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது. இது நான் சும்மா சொல்வதில்லை. நடக்கும்போது தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் இன்சுலினுக்கு உடம்பு நன்றாக இசைந்து கொடுக்கும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் தேய்ந்துவிடும். சர்க்கரைக்காரர்கள் உடற்பயிற்சியில் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். மாலையைப் போல இந்த விதியைக் கழற்றும் நாள் வராது. கடைச் சரக்கு இறங்கும் நாள், காய்ச்சல் நாள், தீபாவளி வியாபாரம் எல்லாவற்றுக்கும் இதில் இடம் இருக்கிறது.

ஐந்து சுற்றும் கட்டாயமில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை. மூன்று சுற்று வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே அதைத் தாண்டிவிடுவீர்கள்.

அப்புறம் அந்த ஷூ. இன்று கடை அடைத்து வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால், அதைப் பரணிலிருந்து இறக்குங்கள். சாக்ஸை உள்ளே செருகி வாசல்படி பக்கத்தில் வையுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மனதோடு மல்லுக்கட்டி ஜெயிப்பது யாருக்கும் கஷ்டம். வேலையில் பாதியை முந்தின இரவே முடித்து வைத்தால், காலை நுழைப்பது ஒன்றுதான் மிச்சம்.

நாளைக்கு இரண்டு சுற்று போதும். கல்யாணத்துக்கு மறுநாள் நடந்தீர்களே, அதே இரண்டு சுற்று. அதற்கு முன்னால், இன்று ராத்திரியே அந்தப் பெரியவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். பன்னிரண்டு நாளாக உங்களுக்கு உடம்புக்கு ஏதோ என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்.