உப்பு பட்டதும் செல்லுக்குள் என்ன நடக்கிறது? பாகான் டத்தோ வாசகர் கேள்விகள்

பேராக் கடலோரத்தில் இருக்கும் பாகான் டத்தோ பக்கம் உப்பைப் பற்றிக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த முறை பன் மாவில் தொடங்கி கருவாடு வரை வந்திருக்கிறது.

டீச்சர், வீட்டில் இனிப்பு பன் செய்து விற்கிறேன். சீனி கூடப் போட்டால் மாவு எழும்பவே நேரமாகிறது. ஈஸ்ட்டுக்குச் சீனி பிடிக்கும்தானே? (ஊத்தான் மெலிந்தாங்)

பிடிக்கும், அளவோடு. சீனியோ உப்போ, வெளியே கரைந்திருப்பது கூடினால் ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறி, சில நொடிகளில் செல் சுருங்கிவிடும். சவ்வில் இருக்கும் எஸ்எல்என்1, எஸ்எச்ஓ1 என்ற புரதங்கள் இதை உணர்ந்து, ஒரு நொதியிலிருந்து அடுத்த நொதிக்குச் சேதியைக் கடத்துகின்றன. கடைசியில் அது போய்ச் சேருவது ஹாக்1 என்ற நொதியிடம். 1993-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது இதை. நம் செல்களிலும் இதற்கு பி38 என்ற உறவுக்காரர் உண்டு.

ஹாக்1 சில நிமிடங்களில் உட்கருவுக்குள் நுழைந்துவிடும். சில நூறு மரபணுக்கள் வேகம் எடுக்கும். அவற்றில் ஜிபிடி1 முக்கியமானது, கிளிசரால் தயாரிக்கும் நொதி அதிலிருந்துதான் வருகிறது. கிளிசரால் உள்ளே சேரச் சேர, போன தண்ணீர் திரும்பும். சேர்த்தது ஒழுகாமலிருக்க எஃப்பிஎஸ்1 என்ற வாய்க்காலும் மூடிக்கொள்ளும். கூடவே புரதம் தயாரிக்கும் பட்டறையான ரைபோசோமைக் கட்டும் மரபணுக்கள் அடங்கிவிடும், அதனால் வளர்ச்சி தற்காலிகமாக நிற்கும். லிட்டருக்கு 23 கிராம் உப்பு, அதாவது கடல்நீரில் மூன்றில் இரண்டு பங்கு அளவு என்றால், அரை மணி நேரத்துக்குள் ஹாக்1 தன் வேலையை முடித்து வெளியே வந்துவிடும்.

உங்கள் மாவில் சீனி கடைசிவரை இருக்கிறதே! ஈஸ்ட் சாப்பிடும் சீனியில் ஒரு பங்கு வாயுவாக மாறாமல் கிளிசராலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இனிப்பு மாவுக்கென்றே தனி ஈஸ்ட் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இல்லையென்றால் சீனியை இரண்டு தவணையாகச் சேர்த்துப் பாருங்கள்.

உப்பு பட்டால் டிஎன்ஏ மாறிவிடுமா டீச்சர்? (ஆறாம் படிவ மாணவர், தெலுக் இந்தான்)

இல்லை தம்பி. எழுத்து அப்படியே இருக்கும், எந்த மரபணுவை எவ்வளவு படிப்பது என்பதுதான் மாறும். தேர்வுக்கு இது போதும். ஆனால் பாடப்புத்தகம் மரபணுவுக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிடுகிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹாக்1-ஐச் செல்லின் வெளிச்சவ்விலேயே கட்டிப்போட்டு, உட்கருவுக்குள் போகவிடாமல் செய்தார்கள். அப்படியும் ஈஸ்ட் உப்பில் பிழைத்தது. ஏற்கெனவே கையில் இருக்கும் நொதிகளைத் திருப்பிவிட்டே கிளிசரால் சேர்த்துக்கொண்டது. வாய்க்காலை மூடுவதும் நொதியைத் திருப்புவதும் முதல் நிமிட வேலை, மரபணு அதற்கடுத்த கட்டம்.

தடுப்புக் கரை உடைந்து கடல் தண்ணீர் ஏறியது. தென்னை நிற்கிறது, மிளகாய் இரண்டே நாளில் கருகிவிட்டது. செம்பனைக் கன்றுகளுக்கும் பயமாக இருக்கிறது. உப்பைத் தாங்கும் மரபணு தென்னையிடம் மட்டும்தான் இருக்கிறதா? (ரூங்கூப்)

அடிப்படைக் கருவிகள் மிளகாயிடமும் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பலமாக அவற்றை ஓட்ட முடிகிறது என்பதில்தான் செடிக்குச் செடி வித்தியாசம். சோடியம் வேருக்குள் நுழைந்ததும் செல்லில் கால்சியம் ஏறும். எஸ்ஓஎஸ்3 அதைக் கண்டு எஸ்ஓஎஸ்2-ஐ எழுப்ப, அது எஸ்ஓஎஸ்1 என்ற பம்பை ஓட்டிச் சோடியத்தை வெளியே தள்ளும். தள்ள முடியாததை என்எச்எக்ஸ்1 செல்லின் நீர்ப்பைக்குள் பூட்டிவைக்கும். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடியதும் புரோலின் தயாரிக்கும் மரபணுக்கள் விழிக்கும். ஈஸ்ட்டுக்குக் கிளிசரால் செய்யும் வேலையைச் செடியில் செய்வது புரோலின்.

இவற்றை எப்போதும் ஓட விட்டால் என்ன என்று தோன்றும். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதைச் செய்து பார்த்தார்கள். பல தற்காப்பு மரபணுக்களை ஒன்றாக எழுப்பும் டிஆர்இபி1ஏ-வை ஓயாமல் இயங்க வைத்தபோது செடி உப்பைத் தாங்கியது, ஆனால் குட்டையாகிப்போனது. வாட்டம் வந்தால் மட்டும் இயங்கும்படி மாற்றியதும் வளர்ச்சியும் கிட்டத்தட்ட சரியானது, தாங்கும் சக்தியும் கிடைத்தது. விதை வியாபாரிகள் ‘உப்பு தாங்கும் ரகம்’ என்று சொல்லும்போது, நல்ல மண்ணில் அது எவ்வளவு காய்க்கும் என்றும் கேளுங்கள்.

தென்னைக்கு ஒரு படி கூடுதல் சௌகரியம்: அதற்குக் குளோரைடு நன்றாகவே தேவை. தென்னங்குழியில் உப்பு போட்ட பெரியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். செம்பனையும் குளோரைடை விரும்பும், ஆனால் தென்னை அளவுக்கு உப்பைத் தாங்காது. இப்போதைக்கு எம்ஓபி (பொட்டாசியம் குளோரைடு) உரம் போடாதீர்கள், அதுவும் உப்புதான். வாய்க்காலைத் திறந்து, மழைத் தண்ணீர் மண்ணைக் கழுவிக்கொண்டு போக விடுங்கள். மண்ணின் உப்பை அளந்து பார்த்த பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வெயிலில் வேலை. தண்ணீர் குறைவாகக் குடித்துப் பழகினால் சிறுநீரகமும் பழகிக்கொள்ளுமா?

வேண்டாம் அண்ணா, இந்தப் பரீட்சை வேண்டாம். இரத்தத்தின் செறிவு, அதாவது அதில் கரைந்திருப்பவற்றின் அளவு, லிட்டருக்குச் சுமார் 290 மில்லிஆஸ்மோல். சிறுநீரகத்தின் உட்பகுதி, தண்ணீரை மிச்சம் பிடிக்கும்போது 1,200 வரை போகும். அங்கே இருக்கும் செல்கள் என்எஃப்ஏடி5 என்ற புரதத்தால் ஈஸ்ட் கிளிசரால் சேர்ப்பதுபோல் சார்பிட்டால், பீட்டைன் போன்றவற்றைச் சேர்த்துவைத்துத் தப்பிக்கின்றன. தினமும் அவை செய்யும் வேலை அது. அதற்காக உடம்புக்குத் தண்ணீர் தேவை குறைந்துவிடாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடியுங்கள்.

கருவாடு இளஞ்சிவப்பாகிவிட்டது. உப்பில் எதுவும் வாழாது என்றார்களே?

ஹாலோபாக்டீரியம் போன்ற ஆர்க்கியாக்கள் (பாக்டீரியாவைப் போலத் தெரியும் வேறொரு வகை நுண்ணுயிர்கள்) வாழும். கடல் உப்போடு சேர்ந்தே வந்திருக்கும். அவை தம் செல்லுக்குள்ளேயே பொட்டாசியம் உப்பை நிறைத்து வைத்திருக்கும். அவற்றுக்கு ஆபத்து நல்ல தண்ணீர்தான், அதில் போட்டால் வெடித்துவிடும். அதற்காகக் கழுவிச் சமைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சிவந்த கருவாடு கெட்டுப்போகத் தொடங்கிய கருவாடு, குப்பையில் போடுங்கள்.